சின்னக் கைக்குச் சின்ன ரிவால்வரா? கற்றுக்கொடுக்க ஒரு .22 தேர்ந்தெடுப்பது எப்படி

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். கைத்துப்பாக்கிப் பயிற்றுநர் சான்றிதழை இந்த ஆண்டு வாங்கினேன். முதலில் என் மனைவி, 13 வயது மகள், மனைவியின் அத்தை (வயது 62, விரல் மூட்டுகளில் லேசான வலி), அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் ஆகியோருக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கிறேன். என்னிடம் இருப்பது 9 மி.மீ. பிஸ்டல். மனைவி அதில் மூன்று முறை சுட்டதோடு போதும் என்று வைத்துவிட்டார். அதனால் சிறிய தோட்டா போடும் .22 ரிவால்வர் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கைக்கு அடக்கமாக இருக்கும் என்று சொல்லி, 2 அங்குலம்கூட நீளம் இல்லாத குழலோடு மிக லேசான ஒன்றைக் காட்டினார்கள். கௌபாய் பாணி ரிவால்வர் ஒன்று மலிவாக இருந்தது. என் கையில் 700 டாலர் இருக்கிறது. எதை வாங்குவது? பழையது வாங்கலாமா? அதைவிடப் பெரிய .38-ஐயே லேசான தோட்டா போட்டுப் பழக்கினால் என்ன?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, கடையில் காட்டிய அந்தக் குட்டி ரிவால்வரை வாங்காதீர்கள். மற்ற விவரங்களில் நீங்களும் நாங்களும் மாறுபடலாம், இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. சின்னக் கை என்றால் சின்னத் துப்பாக்கி என்று கடைகளில் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சுடும்போது நடப்பது அதற்கு நேர்மாறு. குட்டி ரிவால்வர் அனுபவசாலிகளுக்கே கடினமான கருவி. அதைப் புதியவர் கையில் கொடுத்தால், குறி தவறுவது தன்னுடைய பிழை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். கடையில் காட்டியது போன்ற குட்டி ரிவால்வரான ரூகர் எல்சிஆர் .22-இன் எடை ஏறக்குறைய 15 அவுன்ஸ், ஒரு பவுண்டுக்கும் குறைவு. அதில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமர் வெளியே தெரியாது, எனவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் ட்ரிக்கரை டபுள் ஆக்‌ஷனில் முழுதாக இழுத்தே ஆக வேண்டும்; ட்ரிக்கரின் அந்த ஒரே இழுப்பில் ஹேமர் எழுந்து விழுவதுதான் டபுள் ஆக்‌ஷன். .22 ரிவால்வர்களில் இந்த இழுப்பு பொதுவாக 10 பவுண்டைத் தாண்டும். அதாவது விரல் கொடுக்கும் விசை துப்பாக்கியின் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேல். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும், ட்ரிக்கர் பின்னால் வருவதற்குள் குழல் முனை எங்கோ போய்விடும். இன்னொரு பக்கம், 6 அங்குலக் குழல் கொண்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 617-இன் எடை சுமார் 44 அவுன்ஸ். ஹேமரை முன்கூட்டியே இழுத்து நிறுத்திச் சுட்டால் ட்ரிக்கருக்கு மூன்று, நான்கு பவுண்டு போதும். இழுப்பும் எடையும் ஏறக்குறைய சமம். புதியவர் கொஞ்சம் தவறாக இழுத்தாலும் துப்பாக்கி தன் எடையாலேயே நிலையாக நிற்கும்.

.22-இன் இழுப்பு ஏன் இவ்வளவு கனம் என்று மாணவர்கள் கேட்பார்கள். .38, 9 மி.மீ. தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். .22-இல் அது தோட்டாவின் அடி விளிம்புக்குள் வட்டமாகப் பரவியிருக்கும். அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும், நசுக்க வலுவான அடி வேண்டும், வலுவான அடிக்கு வலுவான ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங்கைத் தளர்த்தி இழுப்பை இலகுவாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெடிக்காத தோட்டாக்கள் பெருகும்.

குழல் குட்டையாக இருந்தால் மேலும் இரண்டு இடைஞ்சல்கள். குழலின் மேல் குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலான தூரம் குறைவதால், கண்ணுக்குத் தெரியாத சின்னப் பிசகு இலக்கில் பெரிதாக விழும். வெடிக்கும் இடம் முகத்துக்கு அருகில் வருவதால் சத்தமும் கூர்மையாகக் கேட்கும். உங்கள் மனைவியை 9 மி.மீ.-இல் விரட்டியது பின்னுதைப்பைவிட அந்தச் சத்தமும் அதிர்வும்தான் என்பது எங்கள் ஊகம். அதையே குட்டிக் குழலில் மறுபடி அவருக்குக் காட்டுவானேன்?

ஆக, வாங்க வேண்டியது இதுதான்: முழுக்க எஃகால் ஆனது, குழல் 4 முதல் 6 அங்குலம், பின் குறியைத் திருகித் திருத்தும் வசதி உள்ளது, ஹேமர் வெளியே தெரிவது, தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பது, .22 லாங் ரைஃபிள் எனப்படும் சாதாரண .22 தோட்டாவுக்கானது.

இந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது 617. அதன் மூதாதை, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வந்த கே-22 மாஸ்டர்பீஸ். 1957-இல் மாடல்களுக்கு எண் கொடுத்தபோது அது மாடல் 17 ஆயிற்று. 17-இல் ஆறு தோட்டா, இன்றைய 617-இல் பத்து. புதிய 617 உங்கள் 700 டாலரைத் தாண்டும். பழைய 17, அதன் 4 அங்குல உடன்பிறப்பான மாடல் 18 ஆகியவற்றைச் சேகரிப்பாளர்கள் விலையேற்றிவிட்டார்கள். வெளிப்பூச்சு தேய்ந்து உள்ளுறுப்புகள் நன்றாக இருக்கும் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். கற்றுக்கொடுக்கும் துப்பாக்கிக்கு அழகு தேவையில்லை.

உங்கள் தொகைக்கும் உங்கள் மாணவர்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் ரூகர் எஸ்பி101-இன் .22 வடிவத்தையே முதலில் தேடச் சொல்வோம். 4.2 அங்குலக் குழல், எட்டுத் தோட்டா, எடை சுமார் 30 அவுன்ஸ். டபுள் ஆக்‌ஷன் இழுப்பு 617-ஐவிடக் கரடுமுரடானது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆரம்ப வாரங்களில் உங்கள் மாணவர்கள் ஹேமரை இழுத்து நிறுத்தித்தான் சுடப்போகிறார்கள். கைப்பிடி மெலிதாக இருப்பது உங்கள் மகளுக்கும் அத்தைக்கும் உதவும். 62 வயதுக்காரர் கையை நீட்டிப் பிடித்து நிற்க 44 அவுன்ஸ் அதிகம், 30 தாங்கும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஓர் அளவு பார்க்க வேண்டும், முடிந்தால் மகளையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போய். கைப்பிடியின் பின்முதுகு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் நேராகப் பதியவேண்டும். அப்படிப் பதிந்திருக்கும்போதே சுட்டுவிரலின் நுனித் தசை ட்ரிக்கரின் நடுவில் வசதியாக அமர வேண்டும். எட்டவில்லை என்று கையைப் பக்கவாட்டில் சுற்றிப் பிடித்தால் பின்னுதைப்பு கட்டைவிரல் மூட்டில் இறங்கும். மூட்டுவலிக்காரருக்கு .22-இல்கூட அது உறுத்தும். ஹேமரை இழுத்து நிறுத்தியதும் ட்ரிக்கரும் கொஞ்சம் பின்னால் வந்துவிடும் என்பதால், டபுள் ஆக்‌ஷனில் எட்டாத விரல் அப்போது எட்டிவிடும். இரண்டு நிலையிலும் பாருங்கள். ரப்பர் கைப்பிடி மாட்டுவதாக இருந்தால் பின்முதுகின் எஃகை மூடாத வகையைக் கேட்டு வாங்குங்கள். மூடுகிற வகை மெத்தென்று இருக்கும், ஆனால் ட்ரிக்கரைக் கால் அங்குலம் தள்ளி வைத்துவிடும். பெரிய கைக்கு ஒன்று, சின்னக் கைக்கு ஒன்று என இரண்டு கைப்பிடி வாங்கி வைத்துக்கொண்டால் ஒரே ரிவால்வர் எல்லோருக்கும் பொருந்தும்.

கௌபாய் பாணி பற்றி. ரூகர் ராங்லர் 2019-இல் வந்தது. ஆறு தோட்டா, 30 அவுன்ஸ், விலைக்கு மிக உறுதியான பொருள். ஒவ்வொரு முறையும் ஹேமரை இழுக்க வேண்டியிருப்பதால் பிள்ளைகள் அவசரப்பட மாட்டார்கள். இரண்டாவது துப்பாக்கியாக வாங்குங்கள், மனதாரப் பரிந்துரைக்கிறோம். முதலாவதாக வேண்டாம் என்பதற்குக் காரணம் பாதுகாப்பு. அதில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்காது. வலப்பக்கக் கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுழற்றி ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டும். ஆறறையும் காலி என்பதை ஒரே பார்வையில் நீங்களோ மாணவரோ உறுதி செய்ய முடியாது. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் திறந்து பார் என்ற பழக்கம் முதல் நாளே படிய வேண்டும் என்றால், திறந்தவுடன் எல்லா அறையும் கண்ணில் படும் கருவிதான் ஏற்றது.

அதே பாணியில் ஹெரிடேஜ் ரஃப் ரைடர் இன்னும் மலிவு. அதில் ஹேமருக்குப் பக்கத்தில் கைப் பூட்டு ஒன்று உண்டு. பூட்டு போட்டிருந்தாலும் ஹேமர் எழும், விழும், தோட்டா மட்டும் வெடிக்காது. புதியவர் என்ன ஆயிற்று என்று துப்பாக்கியோடு உங்கள் பக்கம் திரும்புவார். இதை வகுப்புத் தொடங்கும் முன்பே விளக்கிவிட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: 1973-க்கு முந்தைய ரூகர் சிங்கிள்-சிக்ஸ் யாராவது கொடுத்தால், அது பழைய அமைப்பு. ஹேமர் தோட்டாமேல் படிந்திருக்கும்போது கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். ஹேமருக்குக் கீழுள்ள அறையை எப்போதும் காலியாக விட வேண்டும். ரூகர் நிறுவனம் அவற்றை இலவசமாக மாற்றிக்கொடுக்கிறது.

இப்படிப்பட்ட ரிவால்வர்களோடு, சக்தி கூடிய .22 மேக்னம் தோட்டாவுக்கான சிலிண்டர் ஒன்றும் சேர்த்துத் தருவதுண்டு. அதை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். மேக்னத்தின் கூடு (தோட்டாவின் உலோக உறை) சாதாரண .22-ஐவிட அகலமானது. அந்த அறையில் சாதாரண .22 தோட்டா தளர்வாக நழுவி இறங்கும், சுட்டால் கூடு உப்பிப் பிளக்கும், சூடான வாயு பின்னால் சீறும். மேக்னத்தின் சத்தமும் விலையும் அதிகம். கற்றுக்கொடுக்க அதனால் எந்த லாபமும் இல்லை.

.38 கேள்விக்கு வருவோம். லேசான குட்டி .38-இல் எந்தத் தோட்டா போட்டாலும் வேண்டாம். 4 அங்குல எஃகு ரிவால்வரில், இலக்குச் சுடுதலுக்கென்றே செய்யும் 148 கிரெயின் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர் எனும் தட்டை முனைக் குண்டு என்றால் அருமையான இரண்டாம் படி. மிதமாக உதைக்கும், தாளில் வெட்டினாற்போல் வட்ட ஓட்டை போடும். ஆனால் .22-இல் முந்நூறு தோட்டாவாவது சுட்ட பிறகு. விலையும் ஒரு காரணம்: .38 ஒன்றின் விலையில் .22 நான்கைந்து சுடலாம். திரும்பத் திரும்பச் செய்வதுதானே கற்றல்.

பழையது வாங்கலாமா? தாராளமாக, பார்க்கத் தெரிந்தால். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சிலிண்டரைத் திறந்து காலி என்று இருவரும் பார்த்த பிறகு தொடங்குங்கள். .22-இல் காலி அறையின்மேல் ஹேமரை அடிக்கவிடாதீர்கள். உள்ளே விளிம்பு இல்லாததால் அடிக்கும் ஊசி அறையின் வாயையே கொத்தும். முந்தைய உரிமையாளர் அப்படிப் பழகியிருந்தால் ஒவ்வொரு அறை வாயிலும் ஒரே இடத்தில் சின்னப் பள்ளம் தெரியும். உள்ளே பிதுங்கிய உலோகத்தால் தோட்டா எளிதில் நுழையாது, சுட்ட கூடு வெளிவராது. இலேசானதைத் துப்பாக்கி மெக்கானிக் சரிசெய்துவிடுவார், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து, சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்ற சோதனை. எல்லா அறையிலும் காலிக் கூடு அல்லது போலித் தோட்டா போட்டு, சிலிண்டரை விரலால் இலேசாகத் தடுத்தபடி ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் பின்னால் போய் நிற்கும்போது சிலிண்டரும் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் அறையில்கூடப் பிந்தினால், குண்டு குழலின் வாயை நேராகச் சந்திக்காது, ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் கன்னத்தில்தான் அது படும். சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 வரை நல்லது, 10-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்து, ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனாக இருந்தால் கைப்பிடியின் முன்பக்கம் கீழே ஒரு சிறு திருகு இருக்கும். இழுப்பை மென்மையாகக் காட்ட அதைத் தளர்த்தி விற்பார்கள். முழுக்க இறுக்கிய பிறகு ட்ரிக்கரை இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தோட்டா: 40 கிரெயின், ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகம்) என்று எழுதியிருப்பது. வினாடிக்கு ஏறக்குறைய 1,070 அடி என்பது ரைஃபிள் குழலில் எடுத்த அளவு, ரிவால்வரில் அதைவிடக் குறையும். அதிவேகத் தோட்டாவால் சத்தம்தான் கூடும். மிக மெதுவான, சத்தமில்லாத வகையும் முதல் வகுப்புகளுக்கு வேண்டாம் என்போம். கேட்க விசித்திரமாக இருக்கலாம். சில நேரம் தோட்டாவில் மருந்து போதாமல் 'புஸ்' என்று குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வழக்கமான ஓசை காதுக்குப் பழகியிருந்தால்தான் அந்தக் குறைந்த ஓசை உங்களை உடனே நிறுத்தும். எல்லாமே மெல்ல ஒலித்தால் வித்தியாசம் தெரியாது, மாணவர் அடுத்ததையும் சுட்டுவிடுவார். மூன்று நிறுவனங்களின் 50 தோட்டாப் பெட்டியை ஒவ்வொன்று வாங்கி, எது உங்கள் ரிவால்வரில் தவறாமல் வெடிக்கிறது, எதன் கூடு எளிதாக வெளிவருகிறது என்று பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

வகுப்புக்கு யாரை அழைக்கிறீர்கள் என்பதில் ஒரு பெரிய எச்சரிக்கை. நம்மவர்கள் மத்தியில் இது அதிகம் தெரியாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். அந்த அலுவலக நண்பர்கள் எச்-1பி விசாவில் இருக்கிறார்களா? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. எச்-4, எல்-1, எஃப்-1, பார்வையாளர் விசாவில் வந்த பெற்றோர் எல்லோருக்கும் இது பொருந்தும். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. சுடும் தளத்தில் உங்கள் துப்பாக்கியை வாங்கிப் பத்து நிமிடம் சுடுவதும் அதில் அடங்கும். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு, மாணவர் விசா தகுதியை இழந்த ஒருவர் ஃபுளோரிடாவில் சுடும் தளத்துக்குப் போய்ச் சுட்டதிலிருந்து தொடங்கியதுதான். விதிவிலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. பச்சை அட்டைக்காரர்களுக்கும் தடை இல்லை. பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கூச்சப்படாமல் ஒவ்வொருவரிடமும் விசா நிலையைக் கேளுங்கள். ஓர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக யாருடைய குடியேற்ற விண்ணப்பமும் கெட வேண்டாம்.

மகளுக்கு: 18 வயதுக்குக் குறைந்தவர் கைத்துப்பாக்கியைப் பயிற்சிக்காகக் கையாளலாம், ஆனால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி அந்த நேரம் முழுதும் பிள்ளையிடம் இருக்க வேண்டும். நீங்களே தந்தை என்றாலும் எழுதிக் கையெழுத்திட்டு அவள் பையில் வைத்துவிடுங்கள். வீட்டில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு பூட்டில். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம்.

இனி வகுப்பு. முதல் பாடத்துக்குத் தோட்டாவே வேண்டாம். வீட்டுச் சாமான் கடையில் சுவரில் திருகு பொருத்த விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர், 4-6 எண் அளவு, .22 அறையில் சரியாக உட்காரும். அதன் விளிம்பு அடியை வாங்கிக்கொள்ளும். நாலைந்து அடிக்கு ஒரு முறை திருப்பிப் போடுங்கள். அதை வைத்துப் பிடி, குறி, ட்ரிக்கர் மூன்றையும் பழக்குங்கள். குழல் எப்போதும் பாதுகாப்பான திசையில், குறி பார்க்கும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. பிஸ்டலில் பழகிய உங்களுக்கு இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டும் பழக்கம் இருக்கும். ரிவால்வரில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயு சீறும். கட்டைவிரல்கள் மடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழே படிந்திருக்க வேண்டும்.

சுடும் தளத்தில் 5 கஜ தூரத்தில் வெறும் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள், கறுப்பு வட்டம் வேண்டாம். வட்டம் இருந்தால் கண் அங்கே ஓடும், முன் குறியில் நிற்காது. காதுக்கு உள்ளடைப்பும் அதன்மேல் மஃபும், இரண்டும் போடுங்கள். .22 ரிவால்வரின் வெடியோசைகூட 140 டெசிபலைத் தாண்டும். சத்தத்தைப் பாதியாக்கினால் பயமும் பாதியாகும். பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி எல்லோருக்கும், பார்த்துக்கொண்டிருப்பவருக்கும்.

முதலில் ஒரே ஒரு தோட்டா. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், எஸ்பி101 இரண்டிலும் சிலிண்டர் சுடுபவரின் பார்வையில் இடஞ்சுழியாகச் சுழலும். உச்சி அறைக்கு வலப்பக்க அறையில் போட்டு மூடினால், ஹேமரை இழுக்கும்போது அது மேலே வந்து நிற்கும். ஒன்று, மறுபடி ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. எட்டோ பத்தோ அறை இருக்கிறதே என்று நிரப்பாதீர்கள். அத்தைக்கு ஹேமரை இழுப்பது இடக் கட்டைவிரலின் வேலை, வலது கை பிடியை விடவே கூடாது. ஹேமரை இழுத்து நிறுத்திய பிறகு மனம் மாறி நிறுத்த நினைத்தால், மாணவர் தானே ஹேமரை இறக்க முயலக் கூடாது. விரலை எடுத்துவிட்டு, குழலை இலக்குப் பக்கமே வைத்து உங்களைக் கூப்பிட வேண்டும். ஹேமர் நின்றிருக்கும்போது சிலிண்டர் திறக்காது என்பதால் இதைத் தனியாகவே ஒத்திகை பாருங்கள்.

ரிவால்வரை நாங்கள் இவ்வளவு விரும்பக் காரணமான பயிற்சி இனிமேல்தான் வருகிறது. மாணவர் வேறு பக்கம் பார்க்க, மூன்று அறையில் உயிர்த் தோட்டா, மற்றவற்றில் சுட்ட கூடு என்று கலந்து போட்டுச் சிலிண்டரை மெல்லச் சுற்றி மூடிக் கொடுங்கள். சுட்ட கூட்டின் பழைய பள்ளம் ஊசிக்கு நேரே வராதபடி திருப்பி வையுங்கள். அடுத்தது வெடிக்குமா வெடிக்காதா என்று அவருக்குத் தெரியாது. காலிக் கூட்டில் ஹேமர் விழும்போது குழல் முனை அசையாமல் நின்றால் நல்லது. சட்டென்று கீழே குத்தினால், வெடிக்குமுன்பே உடல் திடுக்கிடுகிறது என்று அர்த்தம். நீங்கள் நூறு முறை வாயால் சொல்லியும் நம்பாதவர், அந்த ஒரு குத்தலைத் தன் கண்ணால் பார்த்ததும் நம்பிவிடுவார். பிஸ்டலில் இதைச் செய்யப் போலித் தோட்டாவும், ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுத்துவிடும் வேலையும் வேண்டும். இங்கே தரையில் கிடக்கும் கூடே போதும். உங்கள் மனைவிக்குப் பத்தில் ஏழு காலியாகத் தொடங்குங்கள். அசையாத காலி அடிகள் வரிசையாக ஐந்து வந்த பிறகு தோட்டாவைக் கூட்டுங்கள். முனை மறுபடி குத்தத் தொடங்கினால் அன்றைக்கு அவர் களைத்துவிட்டார். எப்படியும் ஒரு நாளைக்கு 50, 60 தோட்டாவோடு நிறுத்திவிடுங்கள்.

நடுவில் 'க்ளிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்காமல் போகும். .22-இல் இது சகஜம், விளிம்பின் அந்த இடத்தில் மருந்து சரியாகப் பரவியிருக்காது. கலந்து போட்ட பயிற்சியிலும் எந்த க்ளிக் கூடு, எந்த க்ளிக் உயிர்த் தோட்டா என்று வெளியிலிருந்து தெரியாது, ஆகவே எத்தனை உயிர்த் தோட்டா போட்டோம் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். கணக்கு இடித்தாலோ சாதாரணச் சுடுதலில் க்ளிக் கேட்டாலோ, குழலை இலக்கின் பக்கமே 30 வினாடி வைத்திருக்க வேண்டும். மறுபடி ட்ரிக்கரை இழுக்கவே கூடாது. இழுத்தால் சிலிண்டர் சுழன்று, தாமதமாகத் தீப்பிடிக்கும் தோட்டா குழலுக்கு நேரே இல்லாத இடத்துக்குப் போய்விடும். 30 வினாடிக்குப் பிறகு திறந்து, அந்தத் தோட்டாவைத் தளத்தில் அதற்கென்று வைத்திருக்கும் வாளியில் போடுங்கள்.

கூடுகளை வெளியேற்றும்போது குழல் வானைப் பார்க்க, சிலிண்டரின் முன்னால் நீட்டியிருக்கும் தண்டை உள்ளங்கையால் ஒரே வீச்சில் தட்ட வேண்டும். தயங்கித் தயங்கித் தள்ளினால் ஏதாவது ஒரு கூடு, கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் நழுவிச் சிக்கும். குழலைக் கீழே சாய்த்துத் தட்டினால் எரியாத மருந்துத் துகள்கள் அந்தத் தகட்டுக்கு அடியில் விழும். பிறகு சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுழலத் தடுக்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று வருவோரில் பலருக்குப் பழைய பல்துலக்கியால் அந்த இடத்தைத் தேய்த்தாலே சரியாகிவிடும். அங்கே எண்ணெய் போடாதீர்கள், துகள் ஒட்டிக்கொள்ளும். 60, 80 தோட்டாவுக்குப் பிறகு கூடுகள் இறுகினால் ஒவ்வோர் அறையிலும் .22 பிரஷை இரண்டு முறை ஓட்டுங்கள். அத்தையின் விரல்களுக்காக இந்த வெளியேற்றும் வேலையை நீங்களே செய்துவிடலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை.

முடிந்ததும் எல்லோரும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள், பிறகுதான் தின்பண்டம். கையிலும் துணியிலும் ஈயத் தூள் இருக்கும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் சட்டையை மாற்றிய பிறகு உள்ளே போங்கள்.

டபுள் ஆக்‌ஷனுக்கு எப்போது போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்றாவது வாரத்தில் மகள் கேட்பாள். 5 கஜத்தில் அவளுடைய ஐந்து ஓட்டைகளும் ஒரு காபிக் கோப்பையின் வாயகலத்துக்குள் தொடர்ந்து மூன்று முறை விழுந்தால் அனுமதியுங்கள். முதலில் ஆங்கர் போட்டு, முன் குறியைப் பார்த்தபடி நிற்காமல் ஒரே சீராக இழுக்கச் சொல்லுங்கள். இடையில் நிறுத்தி, குறியைத் திருத்தி, மறுபடி இழுக்கும் பழக்கம் முளைக்கும்போதே கிள்ளிவிடுங்கள். அத்தைக்கு டபுள் ஆக்‌ஷன் தேவையே இல்லை. ஹேமரை இழுத்து நிறுத்தி அவர் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் சுடலாம்.